அம்மாவா, தம்பியா, கணவரா, காத்திருப்பா: சிறுநீரகம் யாரிடமிருந்து?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒருவர் கேட்ட கேள்வியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வயதையும் உறவையும் கொஞ்சம் மாற்றிப்போட்டால் இதே கேள்வி குன்னூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. அவருடைய அக்காவுக்கு 36 வயது, இரண்டு குழந்தைகள், ரத்த வகை ஓ. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரம் மூன்று முறை ஊட்டிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார், நடுவில் ரத்தம் குறைந்ததால் ஒருமுறை ரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள். கொடுக்க முன்வந்திருப்பவர்கள் மூன்று பேர்: 58 வயது அம்மா (ஓ), கேள்வி கேட்ட 29 வயதுத் தம்பி (இவரும் ஓ), 42 வயதுக் கணவர் (பி). அப்பா இல்லை. வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அரசுப் பட்டியலில் பேரைப் போட்டுவிட்டுக் காத்திருப்போம் என்று ஒரு மாமா சொல்கிறாராம்.

நான் டாக்டர் இல்லை. கீழே கோயம்புத்தூரில் இந்தப் பொருத்தம் பார்க்கிற பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன், இப்போது மலையோடு இருக்கிறேன். அதனால் ரிப்போர்ட்டில் உள்ளது என்ன, அதை வைத்து டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். முடிவு உங்கள் நெப்ராலஜி (சிறுநீரக) டாக்டரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டியது.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது

எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை பொருந்துகிறது?" என்பதுதான். ஆறுக்கு மூன்று என்று ரிப்போர்ட் வந்தால் முகம் வாடிவிடும், ஆறுக்கு ஆறு என்றால் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்கு வர இந்தப் பொருத்தம் என்பது உடம்பில் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் உடம்பில் உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லா செல்லின் மேற்பரப்பிலும் எச்எல்ஏ என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கல்லார் செக்போஸ்ட்டில் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து காட்டுகிற மாதிரி, செல்லுக்குள் ஓடும் புரதங்களின் துண்டுகளை எடுத்து வெளியே பிடித்துக் காட்டுவது இவற்றின் வேலை, அதைப் பார்த்துத்தான் டி செல் எனும் வெள்ளணு இது நம் செல்லா, கிருமி புகுந்த செல்லா என்று முடிவு செய்கிறது. ஏ, பி, சி என்று முதல் வகுப்பு, அது எங்கும் இருக்கும். டிஆர், டிக்யூ, டிபி என்று இரண்டாம் வகுப்பு, அது பி செல் எனும் இன்னொரு வெள்ளணு போன்ற சில செல்களில் இருக்கும். ரிப்போர்ட்டில் வரும் ஆறு என்பது ஏ, பி, டிஆர் மூன்றிலும் ஆளுக்கு இரண்டிரண்டு. ஆளுக்கு ஆள் இந்தப் புரதங்களின் வடிவம் மாறும், வேறொருவருடைய சிறுநீரகம் உள்ளே வந்தால் அதன் ஒவ்வொரு செல்லும் அந்நிய வடிவத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். 1954-இல் பாஸ்டனில் ஜோசஃப் முர்ரே ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருடையதை எடுத்து மற்றவருக்கு வைத்தபோது நிராகரிப்பே வராமல் போனது இதனால்தான். 1958-இல் ஜான் தோசே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த அடையாளங்களில் முதலாவதைக் கண்டு சொன்னார், 1980-இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த எச்எல்ஏ மரபணுக்கள் எல்லாம் ஆறாம் குரோமோசோமில் பக்கம் பக்கமாக இருக்கின்றன, அதனால் அம்மாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு என்று அப்படியே மொத்தமாக வரும். அம்மாவின் இரண்டு தொகுப்புக்கு அ, ஆ என்றும் அப்பாவுடையதற்கு இ, ஈ என்றும் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எழுத்துகள் பின்னால் தேவைப்படும்.

இப்போது அந்தப் பெரிய கேள்வி. வாங்குபவருடைய ரத்தத்தில், கொடுப்பவருடைய எச்எல்ஏவுக்கு எதிராக ஆன்டிபாடி (அந்நியமானதைத் தாக்க உடம்பு தயாரிக்கும் புரதம்) ஏற்கெனவே இருக்கிறதா? அந்நிய எச்எல்ஏவை உடம்பு முன்பே பார்த்திருந்தால் ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம், அப்படிப் பார்க்கும் வழிகள் முக்கியமாக மூன்று: கர்ப்பம், ரத்தம் ஏற்றுதல், முன்பு செய்த மாற்று அறுவை. 1969-இல் பட்டேல், தெரசாகி இருவரும் 225 சிறுநீரக மாற்றுகளைப் பார்த்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கிராஸ்மேட்ச் (வாங்குபவரின் ரத்தம் கொடுப்பவரின் செல்லைத் தாக்குகிறதா என்று பார்க்கும் சோதனை) பாசிட்டிவாக இருந்தும் அறுவை செய்த 30 பேரில் 24 பேருக்கு உடனடியாகச் சிறுநீரகம் போய்விட்டது, நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்குத்தான் அப்படி. அதற்கப்புறம் உலகம் முழுக்க கிராஸ்மேட்ச் பார்க்காமல் யாரும் கத்தியை எடுப்பதில்லை.

ஆக, ஆறுக்கு மூன்று என்பது இன்றைய மாத்திரைகளில் சமாளிக்கக்கூடிய விஷயம். ஆன்டிபாடி உட்கார்ந்திருக்கும் ஆறுக்கு ஐந்துகூட ஆபத்து.

மற்ற அளவுகோல்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்: ரத்த வகை, கொடுப்பவரின் உடல்நிலை, எவ்வளவு காலம் பிடிக்கும், பணம், மலையிலிருந்து எத்தனை முறை இறங்க வேண்டும். அப்புறம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, இந்தச் சிறுநீரகம் ஓய்ந்துபோனால் அடுத்து யார்? 36 வயதுக்காரருக்கு வைக்கும் சிறுநீரகம் ஆயுள் முழுக்க ஓடும் என்று யாராலும் உறுதி தர முடியாது. உயிரோடிருப்பவர் தரும் சிறுநீரகம் சராசரியாகப் பதினைந்து இருபது வருடம், மூளைச்சாவு அடைந்தவருடையது அதைவிடக் கொஞ்சம் குறைவு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

## அம்மா

பிள்ளைக்கு அம்மாவின் ஒரு தொகுப்பு கட்டாயம் இருக்கும், அதனால் பாதிப் பொருத்தம் உறுதி. ரத்த வகையும் ஒன்று. அக்காவிடம் அ, இ இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அம்மாவின் சிறுநீரகத்தில் அவர் உடம்புக்குப் புதிதாக இருப்பது ஆ மட்டும்தான். அக்காவின் இரண்டு பிரசவங்களில் அவர் உடம்பு பார்த்தது கணவர் வீட்டுத் தொகுப்புகளை, ஆ-வை இல்லை. ஏற்றிய ரத்தத்தால் ஏதாவது வந்திருக்கலாம், அதை டெஸ்ட் சொல்லிவிடும்.

58 வயது என்பது தடையில்லை. சர்க்கரை இருந்தால் பெரும்பாலும் முடியாது, பிரஷர் மாத்திரை எத்தனை என்று பார்ப்பார்கள், இரண்டு சிறுநீரகமும் தனித்தனியே எவ்வளவு வடிகட்டுகிறது என்று ஸ்கேன் எடுப்பார்கள். எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாக்கள் பலர் இந்த டெஸ்ட்டில் நம்மைவிட நன்றாகத் தேறுவார்கள், பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், அறுவைக்கப்புறம் வீட்டையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு இதுவரை பதிலாக இருந்தவரே அம்மாதான். அவரும் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் பிள்ளைகள் எங்கே? முதலிலேயே யோசித்து வையுங்கள். மூத்தவருடைய சிறுநீரகம் இளையவருடையதைவிடச் சற்றுக் குறைந்த காலம் ஓடும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இன்னொரு விளைவு, இதைப் பலரும் சொல்வதில்லை. அம்மாவின் சிறுநீரகம் பத்து, பன்னிரண்டு வருடம் கழித்து ஓய்ந்தால், அக்காவின் உடம்பில் ஆ-வுக்கு எதிராக ஆன்டிபாடி வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது தம்பியின் வாசலை மூடுமா மூடாதா என்பது தம்பியிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

## தம்பி

உடன்பிறந்தவர்களுக்குள் நாலில் ஒரு வாய்ப்பு முழுப் பொருத்தம், நாலில் இரண்டு பாதி, நாலில் ஒன்று சுத்தமாகப் பொருந்தாது. அக்கா அ, இ என்றால் தம்பி நான்கில் ஒன்றாக இருப்பார்:

அ, இ: முழுப் பொருத்தம். வேறு தடை இல்லையென்றால் இதைவிட நல்லது கிடைக்காது.

அ, ஈ: பாதிப் பொருத்தம். புதிதாக இருப்பது அப்பாவின் ஈ.

ஆ, இ: இதுவும் பாதிப் பொருத்தம்தான், ரிப்போர்ட்டில் அதே ஆறுக்கு மூன்று. ஆனால் புதிதாக இருப்பது அம்மாவின் ஆ.

ஆ, ஈ: ஒன்றும் பொருந்தாது.

நடுவில் உள்ள இரண்டையும் பாருங்கள். காகிதத்தில் ஒரே எண். ஆனால் தம்பி அ, ஈ ஆக இருந்தால், இப்போது அம்மாவிடம் வாங்கிக்கொண்டு பிற்காலத்துக்குத் தம்பியை வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அம்மாவின் சிறுநீரகம் கிளப்பிவிடும் ஆன்டிபாடி ஆ-வுக்கு எதிரானது, அது தம்பியிடம் இல்லை. தம்பி ஆ, இ ஆக இருந்தால் அம்மாவிடம் வாங்கிய பிறகு தம்பியிடம் வாங்குவது சிக்கலாகிவிடும், தம்பியிடம் வாங்கிய பிறகு அம்மாவிடம் வாங்குவதும் அப்படியே. இரண்டு கொடையாளர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் ஒருவர்தான். (உண்மையான ஆன்டிபாடிகள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது, ஒத்த வடிவமுள்ள வேறு எச்எல்ஏவையும் சில சமயம் தாக்கும். ஆனாலும் கணக்கு போடத் தொடங்க இது போதும்.)

அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன், அம்மாவை மட்டும் டைப் செய்துவிட்டு (அதாவது அவரிடம் என்னென்ன எச்எல்ஏ இருக்கிறது என்று பார்த்துவிட்டு) பாதி பொருந்துகிறது, போதும் என்று நிறுத்தாதீர்கள். முன்வந்த எல்லாரையும் ஒரே நேரத்தில் எச்எல்ஏ டைப்பிங் செய்யுங்கள். கூடுதலாக ஆகும் பணம் பின்னால் வரும் செலவோடு பார்த்தால் பெரிதில்லை.

தம்பியின் பக்கத்தையும் பேச வேண்டும். அவருக்கு 29 வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு இன்னும் நாற்பது ஐம்பது வருடம் வாழ வேண்டியவர், 58 வயது அம்மாவுக்கு அந்தக் கணக்கு சின்னது. இப்போது டெஸ்ட்டில் எல்லாம் சரியாக இருக்கும் 29 வயதுக்காரருக்குப் பிற்காலத்தில் சர்க்கரையோ பிரஷரோ வருமா என்று யாரும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், அக்காவுக்குச் சிறுநீரகம் ஏன் போனது? நீர்க்கட்டி நோய் மாதிரி பரம்பரையாக வருவதாக இருந்தால் தம்பிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அதை முழுதாக விலக்கிவிட்டுத்தான் அவரைக் கொடையாளராகப் பார்க்க முடியும். காரணம் தெரியவில்லை என்றே கோப்பில் எழுதியிருந்தால், மேலே போகும் முன் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

வீட்டு நிர்ப்பந்தமும் இருக்கிறது. "அக்காவுக்குக் கொடுக்க மாட்டாயா" என்று நாலு பேர் முன்னால் கேட்டால் இல்லை என்று எந்தத் தம்பி சொல்வான்? கொடையாளரைத் தனியாக உட்காரவைத்துப் பேச மருத்துவமனையில் வழி உண்டு, மனமில்லை என்று சொன்னால் மருத்துவக் காரணத்தால் ஒத்துவரவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லிவிடுவார்கள். இது தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

## கணவர்

சட்டப்படி கணவரும் நெருங்கிய உறவினரே, அதில் தடையில்லை. இங்கே இரண்டு முட்டுக்கட்டை: ரத்த வகை பி, மனைவி ஓ. கூடவே இரண்டு பிரசவம். குழந்தை வயிற்றில் இருக்கும்போது அப்பாவிடமிருந்து அதற்கு வந்த எச்எல்ஏ அம்மாவின் உடம்புக்கு அந்நியம், அதை எதிர்த்து ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம். கணவர் மனைவிக்குக் கொடுப்பதும், பெற்ற பிள்ளை அம்மாவுக்குக் கொடுப்பதும் இதனால்தான் கூடுதல் கவனத்தோடு பார்க்கப்படுகிறது. மனைவி கணவருக்குக் கொடுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. நம் நாட்டில் அந்தத் திசையில்தான் அதிகம் நடக்கிறது, அது வேறு கதை.

ரத்த வகை மாறினால் முடியாது என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். முடியும். ரத்த வகையில் ஏ, பி என்பவை சர்க்கரைச் சங்கிலிகள், சிவப்பணுவில் மட்டுமில்லாமல் சிறுநீரக ரத்தக்குழாயின் உட்சுவரிலும் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடியை பிளாஸ்மா மாற்றி வடித்து, ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டு, அளவு இறங்கிய பிறகு அறுவை செய்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் ஆன்டிபாடி மறுபடி தலைகாட்டினாலும் சிறுநீரகம் பெரும்பாலும் பழகிக்கொள்கிறது. எச்எல்ஏ ஆன்டிபாடி அப்படிச் சமாதானமாவதில்லை, மாதக் கணக்கில், வருடக் கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ரத்த வகை மட்டும்தான் பிரச்சினை என்றால் கணவரைத் தள்ளிவிடத் தேவையில்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் எனக்குப் பயம்.

ரிட்டுக்ஸிமாப் பற்றி ஒரு வார்த்தை. அது பி செல்லின் மேலுள்ள சிடி20 என்ற அடையாளத்தைப் பிடித்து அந்தச் செல்லை அழிக்கிறது. ஆனால் ஆன்டிபாடியைத் தயாரித்துத் தள்ளுகிற பிளாஸ்மா செல்லில் சிடி20 இல்லை. ஊசி போட்டாயிற்றே, அப்புறம் எதற்கு இத்தனை முறை பிளாஸ்மா மாற்ற வேண்டும் என்று கோபப்படுபவர்களுக்கு இதுதான் பதில். ஊசி போட்ட பிறகு எடுக்கும் பி செல் கிராஸ்மேட்ச் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும், பரிசோதனைக் கூடத்தில் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

செலவு லட்சங்களில் ஏறும். தொற்று அபாயமும் ஏறும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்றுக்கு இடமுண்டு, ஆனால் இந்த முன்தயாரிப்புகளும் ஆன்டிபாடி டெஸ்ட்டுகளும் அதற்குள் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று: கணவர் சொந்தக்காரராக இருந்தால் கணக்கு மாறும். தாய்மாமனைக் கட்டியிருந்தால் இருவருக்கும் ஒரு தொகுப்பு பொதுவாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மாமன் மகன், அத்தை மகன் என்றால் நாலில் ஒன்று. அப்படிப்பட்ட வீடுகளில் கணவரை டைப் செய்யாமலே ஒதுக்கிவிடாதீர்கள்.

## ஜோடி மாற்று

2011-இல் உறுப்பு மாற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கு வழி திறந்தது. உங்கள் வீட்டுக் கொடையாளர் உங்களுக்குப் பொருந்தவில்லை, இன்னொரு வீட்டிலும் அதே நிலை, ஒருவர் வீட்டுக் கொடையாளர் மற்ற வீட்டு நோயாளிக்குத் தருவது. இரண்டு வீட்டிலும் கொடுப்பவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். யாரும் பின்வாங்கிவிடக் கூடாது என்பதால் எல்லா அறுவையும் பொதுவாக ஒரே நாளில் நடக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓ வகை நோயாளிக்கு இது கடினமான வழி. ஏ வீடும் பி வீடும் மாற்றிக்கொள்வது எளிது. ஓ நோயாளிக்கு ஓ கொடையாளர்தான் வேண்டும், ஓ கொடையாளர் இருக்கும் வீடு தன் ஆளுக்கு நேரடியாகவே கொடுத்துவிடும், மாற்றுக்கு வராது. கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் ஆகித் தடைபட்ட ஓ கொடையாளர் வந்தால்தான் உண்டு. இந்த அக்காவைப் பொறுத்தவரை கணவரை வைத்து மாற்று தேடுவது பக்கத்தில் ஓடட்டும், அதையே நம்பியிருக்க வேண்டாம்.

## பட்டியலில் காத்திருப்பது

தமிழ்நாட்டில் மூளைச்சாவு உறுப்புக் கொடை 2008-இலிருந்து முறையாக நடக்கிறது, இப்போது டிரான்ஸ்டான் என்ற அரசு ஆணையம் பார்த்துக்கொள்கிறது. உறுப்புக் கொடை தந்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023-இல் அறிவித்தார்கள். உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகத்தான் பதிய முடியும். ஓ வகைக்கு வரிசை நீளம்.

யாருடைய உடம்பிலும் கத்தி வைக்க வேண்டாம் என்பது இதன் பெரிய நன்மை, மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காத்திருப்பது சும்மா இருப்பதில்லை. டயாலிசிஸ் வருடங்கள் கூடக் கூட இதயமும் ரத்தக்குழாயும் கெடும். ரத்தம் குறைந்தால் ஏற்றுவார்கள், ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் புது ஆன்டிபாடி கொண்டுவரலாம், இன்று பொருந்துகிற தம்பி இரண்டு வருடம் கழித்துப் பொருந்தாமல் போகலாம். எரித்ரோபாய்ட்டின் என்ற ரத்தம் ஊறவைக்கும் ஊசியையும் இரும்புச் சத்தையும் விடாமல் போட்டு ரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிருங்கள். வேறு வழியே இல்லையென்றால் வெள்ளணு வடிகட்டிய ரத்தம் கேளுங்கள், அது ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

வாரம் மூன்று முறை பஸ் ஏற முடியாதவர்கள் வயிறு வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் பற்றிக் கேட்கலாம். தினமும் நாலு முறை திரவப் பை மாற்ற வேண்டும், சுத்தமான ஓர் அறை வேண்டும், நம் குளிரில் பையை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கித்தான் விட வேண்டும். ஆனால் பயணம் மிச்சம், ரத்த இழப்பும் குறைவு.

அப்புறம் அந்த அழைப்பு. ராத்திரி பதினொரு மணிக்கு வரும். ஒரு சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிடுவார்கள், கிராஸ்மேட்ச் முடிவு வர மணிக்கணக்காகும், பொருந்தாவிட்டால் விடிகாலையில் திரும்பி ஏற வேண்டியதுதான். எடுத்த சிறுநீரகத்தைப் பனியில் ஒரு நாள் அளவுக்கு வைத்திருக்க முடியும், ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் அதைக் கொஞ்சம் கெடுக்கும். நவம்பரில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் குன்னூர் வழி போச்சு, கோத்தகிரி வழியில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை நிற்கும். கூடலூர்க்காரர்கள் மைசூரை நம்பினால் புலிகள் காப்பகச் சாலை ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். பட்டியலில் இருப்பவர் இரண்டு டிரைவர் நம்பர், சிக்னல் கிடைக்கும் பக்கத்து வீட்டு நம்பர், பையில் கட்டி வைத்த துணி என்று தயாராக இருக்க வேண்டும்.

## எந்த வழியானாலும் மலையில் இருப்பவர் கொடுக்கும் விலை

முதல் மூன்று மாதம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாடகை வீடு எடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். நிராகரிப்பு தொடங்கினால் பெரும்பாலும் வலிக்காது, காய்ச்சல்கூட வராமல் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) மட்டும் ஏறும், ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவை ரத்தத்தில் பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டுப் போட வேண்டும். கோத்தகிரியிலிருந்து விடிகாலை கிளம்பி, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் வாந்தியில் அவதிப்படுவதும் பழக்க தோஷத்தில் வீட்டிலேயே விழுங்கிவிட்டு வருவதும் சகஜம், பின்னதில் ரிப்போர்ட் பொய்யாக ஏறிக் காட்டும். மாத்திரைக் கம்பெனியை மருந்துக் கடைக்காரர் பேச்சில் மாற்றாதீர்கள், ஒரு மாத இருப்பு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பம்பளிமாஸ் பழம் வேண்டாம், மருந்தின் அளவை ஏற்றிவிடும். நாட்டு மருந்தும் கேட்காமல் வேண்டாம். கேரட், பூண்டுத் தோட்டத்தில் எரு கிளறும் வேலை, ஈரத்தில் பூஞ்சை பிடித்த அறை, இரண்டும் பூஞ்சைத் தொற்றுக்கு வழி. வீடு திரும்பும் முன் அந்தச் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்படித்து விடுங்கள்.

| வழி | ரத்த வகை | எச்எல்ஏ நிலை | மறைந்த செலவு | எப்போது இது மேல் |
|---|---|---|---|---|
| அம்மா | ஒன்று | பாதி உறுதி | வீட்டைப் பார்க்க ஆளில்லை | டெஸ்ட் தேறினால், தம்பி பின்னால் உதவும் வகையாக இருந்தால் |
| தம்பி | ஒன்று | முழு, பாதி, பூஜ்யம் | அவருடைய நாற்பது ஐம்பது வருடம் | முழுப் பொருத்தம், அல்லது அம்மா தேறாதபோது |
| கணவர் | வேறு | பிரசவ ஆன்டிபாடி பயம் | பல லட்சம், தொற்று | எச்எல்ஏ ஆன்டிபாடி இல்லை, ரத்த வகை மட்டும் தடை |
| ஜோடி மாற்று | சேர வேண்டும் | சேர வேண்டும் | அனுமதி, காலம் | நோயாளி ஏ அல்லது பி |
| பட்டியல் | சேர வேண்டும் | கடைசி நிமிடத்தில் தெரியும் | டயாலிசிஸ் வருடங்கள், புது ஆன்டிபாடி | வீட்டில் யாரும் இல்லை |

## நானாக இருந்தால்

பட்டியலில் இன்றே பதிவேன், அது மற்ற வழிகளைத் தடுக்காது. அதே வாரம் அக்கா, அம்மா, தம்பி, கணவர் நால்வருக்கும் டைப்பிங், அக்காவுக்கு மட்டும் சிங்கிள் ஆன்டிஜன் டெஸ்ட். இந்தக் கடைசி டெஸ்ட் அவர் ரத்தத்தில் எந்தெந்த எச்எல்ஏவுக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கிறது என்று பேர் பேராகச் சொல்லும். பக்கத்தில் ஆன்டிபாடி எவ்வளவு வலு என்று காட்ட எம்எஃப்ஐ என்று ஒரு எண் இருக்கும், அதைக் கூகிளில் தேடி அழாதீர்கள், ஒரு கூடத்தின் இரண்டாயிரம் இன்னொரு கூடத்தின் இரண்டாயிரம் இல்லை.

தம்பி முழுப் பொருத்தமாக வந்தால், மனமும் இருந்தால், தம்பி. தம்பி அ, ஈ என்றால் இப்போது அம்மா, தம்பி கையிருப்பு. தம்பி ஆ, இ என்றால்தான் கஷ்டமான பேச்சு, அங்கேயும் நான் அம்மா பக்கம்தான் சாய்வேன், 29 வயதுக்காரரின் உடம்பை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம் என்பது என் எண்ணம், இதை ஒத்துக்கொள்ளாத டாக்டர்களும் உண்டு. கணவரை அம்மாவும் தம்பியும் தேறாவிட்டால் பார்ப்பேன்.

தேர்ந்தெடுத்த பிறகு கிராஸ்மேட்ச். கொடுப்பவரின் லிம்போசைட் (டி, பி செல் அடங்கிய வெள்ளணு) மேல் வாங்குபவரின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) விட்டு எத்தனை செல் சாகிறது என்று பார்ப்பது சிடிசி. இன்னும் நுட்பமானது ஃப்ளோ, அதில் டி செல்லை சிடி3 என்ற அடையாளத்தாலும் பி செல்லை சிடி19 என்பதாலும் பிரித்து, எதில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறது என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஓய்வில் இருக்கும் டி செல்லில் முதல் வகுப்பு எச்எல்ஏ மட்டும் இருப்பதால், டி நெகட்டிவ் பி பாசிட்டிவ் என்று வந்தால் இரண்டாம் வகுப்புக்கு எதிரானதாக இருக்கலாம், முதல் வகுப்புக்கு எதிரான பலவீனமானதாகவும் இருக்கலாம், சில சமயம் நோயாளி தன் செல்லுக்கே எதிராக வைத்திருக்கும் ஒன்றுமில்லாத ஆன்டிபாடியாகவும் இருக்கலாம். பாசிட்டிவ் என்ற ஒரு சொல்லைப் பார்த்துக் கொடையாளரை அனுப்பிவிடாதீர்கள், சிங்கிள் ஆன்டிஜன் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். இடையில் ரத்தம் ஏற்றினாலோ பெரிய காய்ச்சல் வந்தாலோ சில வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும், அறுவைக்குச் சற்று முன்பு எப்படியும் ஒருமுறை பார்ப்பார்கள்.

ஒரு கடைசி விஷயம். கிராஸ்மேட்ச்சுக்கு வேண்டியது உயிருள்ள செல். ஊட்டியில் வெள்ளிக்கிழமை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்பி, திங்கட்கிழமை பிரிக்கிற ரத்தத்தில் பாதி செல் செத்திருக்கும், ரிப்போர்ட் குழப்பும். கொடையாளரை நேரில் கூட்டிக்கொண்டு திங்கள் அல்லது செவ்வாய் காலையில் இறங்குங்கள்.